கேரேஜ் சிக்கினால், கண்ணி விழுந்தால்: இயந்திரப் பின்னல் சோதனைகளில் வரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

ஊசித்தளத்தின் மேல் குறுக்கே ஓடி நூலைப் பின்னும் பெட்டி போன்ற பாகம்தான் கேரேஜ்; ஊசியில் நிற்கும் நூல் வளையம்தான் கண்ணி. கையால் கேரேஜைத் தள்ளிப் பின்னும், ஒரே ஊசித்தளம் (சிங்கிள் பெட்) உள்ள, வடிவத்தைத் துளையிட்ட அட்டையிலிருந்து (பஞ்ச் கார்டு) படிக்கும் இயந்திரத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஃபேஷன் டெக்ஸ்டைல்ஸ் படிப்பவர்கள் புராஜெக்டுக்காக முதன்முதலில் உட்காருவது பெரும்பாலும் இதன் முன்னால்தான். ஊசிக்கும் ஊசிக்கும் 4.5 மி.மீ. இடைவெளி, மொத்தம் 200 ஊசிகள் என்பது இதன் ஸ்டாண்டர்ட் அளவு. 9 மி.மீ. இடைவெளி உள்ள தடித்த நூல் இயந்திரத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஊசி நிலைகளின் பெயர்களை முதலில் தீர்த்துக்கொள்வோம். பிரதர், சில்வர் ரீட் இரண்டும் இயந்திரத் தயாரிப்புப் பெயர்கள். பிரதர் இயந்திரத்தில் ஏ, பி, டி, இ என்று குறித்திருக்கும். சில்வர் ரீடில் ஏ, பி, சி, டி. ஒரே எழுத்து இரண்டிலும் வேறு வேறு பொருள் தருவதால், இங்கே ஓய்வு நிலை (முழுக்கப் பின்னால்), வேலை நிலை, முன் நிலை, நிறுத்த நிலை (முழுக்க முன்னால்) என்றே சொல்கிறேன்.

எந்தப் பிழையையும் சரிசெய்யும் முன் ஒரு வேலை இருக்கிறது. துணி இயந்திரத்தில் இருக்கும்போதே படம் எடுங்கள். நூல் எது, எத்தனை இழை சேர்த்தது, கண்ணியின் அளவை வைக்கும் கேரேஜ் டயலின் எண் என்ன, துணியில் எத்தனை எடை தொங்கியது, எத்தனையாவது வரிசை என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். அந்தச் சீட்டைத் துண்டிலேயே கட்டிவிடுங்கள். மறுபடி வேண்டுமென்றே வரவழைக்க முடிந்தால் அந்தப் பிழை உங்கள் புராஜெக்டில் ஒரு உத்தி. விழுந்த கண்ணி ஏணி போன்ற இடைவெளிக் கோடாகும்; அளவு மீறிய டக் (ஊசி பின்னாமல் நூலைக் கொக்கியில் சேர்த்து வைப்பது) முடிச்சு முடிச்சாக மேடு தரும். எழுதி வைக்காமல் சரிசெய்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். அதேபோல ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டயலையும் நூலையும் எடையையும் சேர்த்து மாற்றினால், எது பலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரே தள்ளில் துணி முழுக்கக் கீழே விழுந்துவிட்டது

கேரேஜில் நூல் நுழையும் வாயான ஃபீடரில் நூல் இல்லை. காரணம் அநேகமாக இது ஒன்றுதான். கேரேஜ் கடக்கும்போது ஒவ்வொரு ஊசியும் முன்னால் வரும். பழைய கண்ணி, கொக்கியைத் திறந்து மூடும் நாக்கைத் தாண்டி ஊசித்தண்டுக்குப் போகும். ஊசி திரும்பும்போது கொக்கியில் புது நூல் இருந்தால் அது பழைய கண்ணிக்குள் புகுந்து வெளிவரும். நூல் இல்லையென்றால் பழைய கண்ணி நாக்கை மூடிக்கொண்டு அப்படியே நழுவிவிடும். இயந்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

விழுந்ததும் துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். எடைகளைக் கழற்றிவிட்டு மேசைமேல் தட்டையாக வையுங்கள். கம்பளி நூலாக இருந்தால் கண்ணிகள் திறந்தபடியே அசையாமல் நிற்கும். ஒற்றைக்கண் மாற்றுக் கருவியால் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊசியில் மாட்டலாம். விஸ்கோஸ், பட்டு போன்ற வழுக்கும் நூலில் அவ்வளவு நேரம் கிடைக்காது. பல நேரம் புதிதாகத் தொடங்குவதே வேகம்.

இனி வராமல் இருக்க, நூல் கம்பத்தின் உச்சியில் இருக்கும் வளைகம்பியைக் கவனிக்கப் பழகுங்கள். நூல் சரியாக ஓடும்போது அது வில் போல லேசாக வளைந்து நிற்கும். சட்டென்று நிமிர்ந்தால் நூல் அறுந்திருக்கிறது அல்லது ஃபீடரிலிருந்து நழுவியிருக்கிறது. கீழே வரை வளைந்தால் நூல் சுற்றிய கோனில் எங்கோ மாட்டியிருக்கிறது. கேரேஜைப் பார்த்துக்கொண்டே பின்னுபவர்கள் இந்தக் கம்பியைப் பார்ப்பதில்லை. நான் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் பழக்குவது இதைத்தான்.

கேரேஜ் பாதி வழியில் சிக்கி நின்றுவிட்டது

பலம் கொடுத்துத் தள்ளாதீர்கள். ஊசி வளைவதும், ஊசித்தளத்தின் பல் உடைவதும் அந்த ஒரு தள்ளில்தான் நடக்கும்.

கேரேஜின் முன்பகுதியில் இருக்கும் சிங்க்கர் பிளேட்டின் (sinker plate) இரண்டு திருகுகளையும் தளர்த்தி அதைக் கழற்றுங்கள். பிறகு கேரேஜை லேசாக ஆட்டித் தூக்குங்கள். சில மாடல்களில் கேரேஜை விடுவிப்பதற்கென்றே லீவரில் ஒரு நிலை இருக்கும். அதில் வைத்தால் இன்னும் சுலபம். கையோடு வரவில்லை என்றால், எந்த ஊசியின் குமிழ் கேரேஜுக்கு அடியில் மாட்டியிருக்கிறது என்று பார்த்து, அந்த ஊசியை மட்டும் பின்னால் தள்ளி விடுவியுங்கள்.

வெளியே எடுத்த பிறகு காரணம் தேடுங்கள். நான் பார்க்கும் வரிசை இது. ஏதாவது ஓர் ஊசி இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிற்கிறதா? சிங்க்கர் பிளேட்டின் பிரஷ் சக்கரத்தில் நூல் சுற்றியிருக்கிறதா? கையால் சுழற்றிப் பாருங்கள். எல்லாச் சக்கரமும் தடையில்லாமல் சுழல வேண்டும். நூலின் தடிமனுக்கு டயல் எண் சிறியதா? கார்டோடு பின்னும்போது, கேரேஜ் திரும்பும் குறியைத் தாண்டும் முன்பே திருப்பிவிட்டீர்களா? கடைசிக் காரணம் புதியவர்களிடம் அடிக்கடி வருகிறது. அகலம் குறைந்த துண்டு என்பதால் சீக்கிரம் திருப்பத் தோன்றும், ஆனால் கார்டு அடுத்த வரிசைக்கு நகர அந்தக் குறியைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

பாதி பின்னிய வரிசையை இயந்திரத்திலேயே பிரித்துவிடலாம். கடைசியாகப் பின்னிய ஊசியிலிருந்து தொடங்கி, நூலை மேல்நோக்கி ஊசித்தளத்தின் பக்கம் சற்று வெடுக்கென்று இழுத்தால், கீழ் வரிசைக் கண்ணி தானே கொக்கியில் வந்து உட்காரும். இரண்டு மூன்று ஊசிகளில் கை பழகிவிடும். பிரித்து முடித்ததும் வரிசை எண்ணியையும் கார்டையும் ஒரு வரிசை பின்னால் திருப்பி வைக்க மறக்காதீர்கள்.

கண்ணிகள் விழுகின்றன

கண்ணி எங்கே விழுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அதனால் ஒரு துண்டு முழுக்கப் பின்னி, கீழே விரித்து, விழுந்த இடங்களைப் பாருங்கள்.

ஒரே செங்குத்து வரியில் திரும்பத் திரும்ப விழுந்தால் அந்த ஊசிதான் காரணம். நாக்கு வளைந்திருக்கும், அல்லது பழைய எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து திறக்காமல் ஒட்டியிருக்கும். ஊசியை நிறுத்த நிலைக்கு இழுத்து, நாக்கை விரலால் திறந்து மூடிப் பாருங்கள். பக்கத்து ஊசியின் நாக்கு போல அது சுலபமாக விழ வேண்டும். இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். ஊசித்தளத்தின் ஓரத்திலிருந்து ஸ்பாஞ்ச் பாரை அந்த ஊசியைத் தாண்டும் வரை வெளியே இழுங்கள். ஊசியை முன்னால் தள்ளி, நாக்கை மூடி, கொக்கிப் பக்கத்தைக் கீழே அழுத்தினால் பின்முனை மேலே எழும். அதைப் பிடித்து எடுத்துவிடலாம். புது ஊசியைப் போட்டபின் எல்லா ஊசிகளையும் ஓய்வு நிலையில் வைத்து, அவற்றைக் கீழே அழுத்திக்கொண்டே பாரைத் திரும்பச் செலுத்துங்கள்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கங்கே விழுந்தால், ஸ்பாஞ்ச் பாரையே சந்தேகியுங்கள். ஊசித்தளத்தின் குறுக்கே, ஊசிகளுக்கு மேலே ஓடும் நீண்ட உலோகப் பட்டை அது. அதன் அடியில் இருக்கும் நுரை ஊசிகளைக் கீழே அமுக்கிப் பிடிக்கிறது. நுரை காலப்போக்கில் தட்டையாகி மாவு போல உதிரும். இயந்திரத்தை யாரும் தொடாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். நுரை போனதும் ஊசிகள் மேலே எழும்பி நிற்கும், கேரேஜ் கனக்கும், கார்டு ஊசிகளைத் தப்பாகத் தேர்ந்தெடுக்கும், கண்ணிகள் கண்ட இடத்தில் விழும். ஒரே பட்டையால் நான்கு விதமான பிழைகள். பல பேர் பயன்படுத்தும் ஸ்டூடியோ இயந்திரம் கெட்டுப்போய்விட்டது என்று ஒதுக்கப்படும்போது, நான் முதலில் கையை வைக்கும் இடம் இதுதான். பாரை வெளியே எடுத்து நுரையை விரலால் அழுத்துங்கள். எழும்பி வரவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

ஓரக் கண்ணிகள் மட்டும் விழுந்தால், ஓரத்தில் எடை போதவில்லை. துணியின் நடுப்பகுதியை, கீழ் விளிம்பில் மாட்டிய சீப்பும் எடையும் இழுத்துப் பிடிக்கின்றன. ஓரம் மேலே ஏறிவிடுகிறது. இரண்டு ஓரத்திலும் நகம் போன்ற சின்ன எடைகளை மாட்டி, சில வரிசைகளுக்கு ஒருமுறை மேலே நகர்த்திக்கொண்டே இருங்கள். ஒருமுறை மாட்டிவிட்டு 60 வரிசை பின்னினால் அவை கீழேயே தங்கி, மேலே எந்தப் பயனும் இருக்காது.

பத்துப் பதினைந்து கண்ணிகள் சேர்ந்தாற்போல் ஒரே இடத்தில் விழுந்தால், அந்த நேரத்தில் நூல் ஒரு கணம் இறுகியிருக்கும். கோன் கம்பத்துக்கு நேர் கீழே தரையில் இருக்கிறதா, அதன் உச்சியில் நூல் மாட்டும் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். பருத்தி நூலானால் மெழுகைத் தொட்டு ஓடும்படி செய்யுங்கள். ஒரே மெழுகு பல புதிர்களைத் தீர்க்கும். சிட்டமாக வாங்கிய நூலைக் கட்டாயம் வைண்டரில் சுற்றிவிட்டுத்தான் பின்ன வேண்டும்.

ஓரத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது

கேரேஜைக் கடைசி ஊசிக்கு அப்பால் ரொம்ப தூரம் தள்ளுகிறீர்கள். அதிகமாக வெளியே வந்த நூலைக் கம்பத்துக் கம்பியால் முழுக்கத் திரும்ப இழுக்க முடியாமல் அது ஓரத்தில் தங்கிவிடுகிறது. கேரேஜ் ஊசிகளைக் கடந்ததும் (கார்டோடு பின்னும்போது திரும்பும் குறியைத் தாண்டியதும்) நிறுத்துங்கள். அப்போதும் வந்தால் கம்பத்தில் இருக்கும் டென்ஷன் தட்டை ஒரு படி இறுக்குங்கள். கேரேஜ் டயலைத் தொடாதீர்கள். அது கண்ணியின் அளவுக்கானது. இரண்டையும் டென்ஷன் என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது.

கார்டில் போட்ட வடிவம் துணியில் வேறு மாதிரி வருகிறது

பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் கார்டின் அகலம் 24 கண்ணி. உங்கள் வடிவம் 24-ஐ மீதமில்லாமல் வகுக்கும் எண்ணில் இருக்க வேண்டும்: 2, 3, 4, 6, 8, 12, 24. ஐந்து கண்ணி அகலப் பூவை நான்கு முறை போட்டு மீதி நான்கை வெற்றாக விட்டால், அந்த வெற்றிடமும் துணி முழுக்கத் திரும்ப வரும். அதையே தாளமாகப் பயன்படுத்துவதானால் சரி. இல்லையென்றால் ஓர் ஓரக் கண்ணியைச் சேர்த்து ஆறாக்குங்கள்.

நீங்களே துளையிட்ட கார்டின் இரண்டு முனைகளையும் இணைத்த இடத்தில் மட்டும் ஒரு வரிசை கெட்டுப்போனால், முனைகளைப் பாருங்கள். வளையமாக மாட்டும்போது முனைகளின் இரண்டு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும். அந்த வரிசைகளில் எல்லாத் துளையும் திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் அடியில் இருக்கும் உங்கள் வடிவத்தை அது மறைத்துவிடும்.

வடிவம் சில வரிசை தள்ளி வருவதாகத் தோன்றினால், பெரும்பாலும் அது பிழையே இல்லை. வெளியே கண்ணுக்குத் தெரியும் வரிசையும் உள்ளே இயந்திரம் படிக்கும் வரிசையும் ஒன்றல்ல. உள்ளே படிப்பது சில வரிசைகள் கீழே இருக்கும். பிரதரில் இன்னொன்றும் உண்டு: இந்த வரிசையைப் பின்னும்போதே அடுத்த வரிசைக்கான ஊசிகள் தேர்வாகி முன்னால் வந்து நிற்கும். அதனால் பேட்டர்ன் பட்டனை அழுத்தாமல் முதல் வரிசையைச் சாதாரணமாகப் பின்ன வேண்டும்; அதன்பிறகே பட்டன். சில்வர் ரீட் பஞ்ச் கார்டு மாடல்களில் தேர்வு கேரேஜுக்குள்ளேயே நடந்துவிடுவதால் ஊசிகள் முன்னால் வந்து காட்டாது. ஒன்றில் பழகி இன்னொன்றுக்கு மாறும் மாணவர்கள் இயந்திரம் கார்டையே படிக்கவில்லை என்று நினைப்பது இதனால்தான்.

எழுத்து, எண் போன்ற திசை உள்ள வடிவத்தைப் பின்னும்போது உங்களைப் பார்த்திருப்பது துணியின் பின்பக்கம் என்பதை நினைவில் வையுங்கள். முழு கார்டையும் துளையிடும் முன் ஒரே ஓர் எழுத்தைப் போட்டுப் பின்னிப் பாருங்கள்.

ஃபேர் ஐல் துண்டு சுருங்குகிறது, பின்னால் நூல் விரலில் மாட்டுகிறது

ஃபேர் ஐல் என்ற இரு நிறப் பின்னலில் இரண்டு நிற நூலும் ஒவ்வொரு வரிசையிலும் துணியின் முழு அகலத்துக்கும் ஓடுகின்றன. பின்னப்படாத இடத்தில் நூல் பின்பக்கம் நேர் இழையாக, அதாவது ஃப்ளோட்டாகக் கிடக்கும். ஃப்ளோட் கண்ணி போல நீளாது. அதனால் துணி குறுகி விறைக்கும். சாதாரணப் பின்னலுக்கு வைத்த டயலைவிட ஓர் எண் தளர்த்திப் பின்னிப் பாருங்கள். டயலில் எண்களுக்கு நடுவே இரண்டு புள்ளிகள் இருக்கும், அவையும் படிகள்தான்.

ஐந்து கண்ணிக்கு மேல் நீளும் ஃப்ளோட் உடுத்தும்போது மோதிரத்திலும் நகத்திலும் மாட்டும். வரைபடத்திலேயே நடுவில் ஒரு புள்ளி சேர்த்து உடைத்துவிடுவது நல்லது. அல்லது சில வரிசைக்கு ஒருமுறை, தொங்கும் ஃப்ளோட்டைக் கருவியால் தூக்கி மேலே இருக்கும் ஊசியில் மாட்டி, அடுத்த வரிசையோடு சேர்த்துப் பின்னிவிடலாம். மறுபக்கம், நீள ஃப்ளோட்டுகளை வேண்டுமென்றே விட்டு, துவைத்த பிறகு வெட்டினால் பின்பக்கம் குஞ்சம் குஞ்சமாக நிற்கும். இதற்குக் கம்பளியே ஏற்றது. வழுக்கும் நூலானால் வெட்டிய முனை உருவிக்கொண்டு போய்விடும்.

டக் போட்டதும் ஊசிகளில் நூல் குவிந்து துணி கிழிந்தது போல ஆகிறது

புராஜெக்ட் துண்டுகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை இது. ஃபேர் ஐலுக்காகப் போட்ட கார்டை அப்படியே வைத்து, கேரேஜை மட்டும் டக்குக்கு மாற்றியிருப்பார்கள். டக்கில் துளை உள்ள இடம் பின்னும், துளை இல்லாத இடம் டக் ஆகும். ஃபேர் ஐல் கார்டில் வெற்றிடம் அதிகம். ஆகவே பக்கத்துப் பக்கத்து ஊசிகள் பலவும் ஒன்றாக டக் ஆகும். டக் வளையம் நிற்க அதன் இரண்டு பக்கமும் பின்னும் ஊசி வேண்டும். சேர்ந்தாற்போல் மூன்று நான்கு ஊசிகள் டக் ஆனால் வளையமே உருவாகாது. நூல் தளர்ந்து குறுக்கே கிடக்கும்.

ஆகவே டக் கார்டில் பெரும்பகுதி துளையாகவும், வெற்றிடம் தனித்தனிப் புள்ளிகளாகவும் இருக்க வேண்டும். அடுத்து, மேலே எத்தனை வரிசை என்று பாருங்கள். ஒரே ஊசி தொடர்ந்து டக் ஆகும் ஒவ்வொரு வரிசைக்கும் கொக்கியில் ஒரு வளையம் கூடும். மெல்லிய நூலில் நான்கு வரிசை வரை நிம்மதியாகப் போகலாம். அதற்கு மேல் ஒவ்வொரு வரிசையாகக் கூட்டி, எந்த எண்ணில் நாக்கு மூட முடியாமல் திணறுகிறது என்று குறியுங்கள். அதற்கு முந்தைய எண்தான் உங்கள் நூலுக்கான எல்லை. மேடு அதிகமாகவும் அழகாகவும் வருவதும் அந்த எண்ணில்தான்.

இங்கே ஒரு குணத்தை மனத்தில் வையுங்கள். டக் துணியை அகலமாக்கி உயரத்தைக் குறைக்கும். ஸ்லிப் (நூல் ஊசியில் பிடிபடாமல் கடந்துபோவது) துணியைக் குறுக்கும். இரண்டையும் ஒரே துண்டில் பட்டை பட்டையாகப் போட்டால், கண்ணிகளைக் கூட்டாமல் குறைக்காமலே ஓரம் உள்ளே வெளியே என்று வளையும். ஆடையின் இடுப்பு வளைவை இப்படியே கொண்டுவரலாம். இதற்காக ஒரு முழு நாளை ஒதுக்குவது வீணாகாது.

லேஸ் துளை ஏணியாகிவிட்டது, அல்லது துளையே வரவில்லை

கண்ணியைப் பக்கத்து ஊசிக்கு மாற்றியபின் காலியான ஊசி வேலை நிலையிலேயே இருக்க வேண்டும். முதல் வரிசையில் அது புதிதாக நூலைப் பிடிக்கும், இரண்டாவது வரிசையில் துளை உருவாகும். தெரியாமல் ஓய்வு நிலைக்குத் தள்ளிவிட்டால் ஏணி இறங்கும். ஏணி வேண்டுமென்றால் தள்ளுங்கள். வேண்டாத இடத்தில் திரும்பக் கொண்டுவாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊசிகளைக் காலியாக்கினால் இரண்டு துளை வராது. நூல் குறுக்கே ஒற்றைக் கம்பி போல ஓடி, ஒரு பெரிய இடைவெளிதான் வரும்.

பகுதி பகுதியாகப் பின்னிய இடத்தில் ஓட்டை வரிசையாகத் தெரிகிறது

சில ஊசிகளை நிறுத்த நிலையில் வைத்து மற்றவற்றை மட்டும் பின்னும் உத்தி துணிக்குக் குமிழ், மடிப்பு, வளைவு எல்லாம் தரும். திரும்பும் ஒவ்வொரு இடத்திலும், கேரேஜ் திரும்பும் முன், முதல் நிறுத்த ஊசிக்கு அடியில் நூலைச் சுற்றிவிட வேண்டும். சுற்றாவிட்டால் ஓட்டை. கேரேஜுக்கு எதிர்ப்பக்கத்தில் எத்தனை ஊசிகளை வேண்டுமானாலும் சேர்த்து நிறுத்தலாம். கேரேஜ் இருக்கும் பக்கம் ஒரே ஓர் ஊசியைத்தான். அதில் நூல் தானாகவே சுற்றிக்கொள்ளும். அங்கே இரண்டு மூன்றைச் சேர்த்து நிறுத்தினால் நூல் அவற்றின் குறுக்கே ஃப்ளோட்டாகத் தொங்கும். பின்னும் பகுதிக்கு நேர் கீழே நக எடையை நகர்த்திக்கொண்டே இருங்கள். நிறுத்திய ஊசிகளைத் திரும்பச் சேர்க்கும்போது முன் நிலைக்குத் தள்ளினால் போதும், அடுத்த வரிசையில் பின்னிவிடும்.

நைலான் நரம்பு, செம்புக் கம்பி, எலாஸ்டிக் எதுவும் நிற்கவில்லை

இவை நூல் போல நடக்காது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம். ஒளி ஊடுருவும் நைலான் நரம்பு வில் போலத் துள்ளும். கொக்கியிலிருந்து தானே குதித்துவிடும். மிக மெல்லியதை எடுத்து, எடையைக் கூட்டி, கேரேஜை மெதுவாக நகர்த்துங்கள். தனியாக நிற்காவிட்டால் மெல்லிய நூல் ஒன்றைச் சேர்த்து இரட்டையாகப் பின்னுங்கள். அல்லது நான்கு வரிசை நூல், இரண்டு வரிசை நரம்பு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். நரம்பு வரிசைகள் துணியைத் தள்ளித் தூக்கி நிறுத்தும்.

இனாமல் பூசிய செம்புக் கம்பியில் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை ஸ்டாண்டர்ட் இயந்திரத்தில் பின்ன வரும். வளைக்க வளைக்கச் செம்பு இறுகும் தன்மை உடையது. அதனால் பிரித்த கம்பியை மறுபடி பின்ன முடியாது, ஒடிந்துவிடும். கம்பத்துத் தட்டில் இறுக்காமல் சுதந்திரமாக ஓடவிடுங்கள். ஸ்டூடியோ பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். கம்பி ஊசிகளைத் தேய்க்கும். நான் கம்பி பின்னும்போது துண்டுக்குத் தேவையான ஊசிகளை மட்டும் பழைய ஊசிகளாக மாற்றிவிட்டு, முடிந்ததும் நல்லவற்றைத் திரும்பப் போட்டுவிடுவேன்.

எலாஸ்டிக்கில் பிரச்சினை இழுவை சீராக இல்லாததுதான். எத்தனை இழுவையோடு உள்ளே போகிறதோ அத்தனை சுருக்கத்தோடு வெளியே வரும். ஒவ்வொரு வரிசையும் வெவ்வேறாகச் சுருங்கினால், கோனிலிருந்து எலாஸ்டிக் சில நேரம் தாராளமாகவும் சில நேரம் இறுக்கமாகவும் வருகிறது என்று பொருள்.

துணி சுருள்கிறது, அல்லது ஒரு பக்கமாகச் சாய்கிறது

சாதாரண ஒற்றைப் பின்னல் சுருளத்தான் செய்யும். பக்க ஓரங்கள் பின்பக்கம் நோக்கியும், மேலும் கீழும் முன்பக்கம் நோக்கியும் சுருளும். வளைத்து வைத்த நூல் நிமிரப் பார்க்கிறது, வேறொன்றும் இல்லை. மடித்த விளிம்பு, ரிப், ஓரத்தில் சில கண்ணி டக் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தால் அடங்கும். கம்பளியை ஊசி குத்தி விரித்து ஆவி காட்டலாம். அக்ரிலிக்கில் கவனம்: இஸ்திரிப் பெட்டி பட்டால் அதன் துள்ளல் ஒரேயடியாகப் போய்விடும், திரும்ப வராது. தொங்கும் மடிப்பு வேண்டுமென்றால் இதையே வேண்டுமென்று செய்யலாம். தனித் துண்டில் சோதித்துவிட்டு.

சாய்வது வேறு கதை. செவ்வகமாகப் பின்னியது சாய்சதுரமாக வந்தால், நூலின் முறுக்கு அடங்கவில்லை. ஒற்றை இழை, அதிக முறுக்கு உள்ள நூலில் இது வரும். ஒரு முழம் நூலை எடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடியுங்கள். தானே கயிறு போல முறுக்கிக்கொண்டால் அதுதான். இரட்டை இழை நூலுக்கு மாறுங்கள், அல்லது எதிர் முறுக்கு உள்ள நூலை ஒன்றுவிட்டு ஒரு பட்டையாகச் சேருங்கள்.

மாதிரித்துண்டில் சரியாக இருந்த அளவு ஆடையில் மாறிவிட்டது

என் கடைசி ஆண்டுத் தொகுப்பில் இது நடந்தது. கோனில் வந்த லாம்ப்ஸ்வூல் நூலில் மாதிரித்துண்டு பின்னி, அன்றே அளந்து, அதை வைத்தே முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பின்னிவிட்டேன். கோன் கம்பளியில் நூற்கும்போது பூசிய எண்ணெய் இருக்கும். துவைத்ததும் எண்ணெய் போய், நூல் பருத்து, கண்ணிகள் நெருங்கின. இரண்டு பாகமும் நீளத்தில் குட்டையாகிவிட்டன. அந்த வாரம் முழுக்க மறுபடி பின்னினேன்.

இப்போது செய்வது இதுதான். 40 கண்ணி, 60 வரிசை அளக்கும்படி, அதைவிட அகலமாகவும் உயரமாகவும் பின்னுங்கள். ஊசித்தளத்தின் நடுவிலிருந்து எண்ணி, 21-ஆவது ஊசியை இரண்டு பக்கமும் வேற்று நிற நூலால் குறித்துக்கொள்ளுங்கள். 60 வரிசைக்கு முன்னும் பின்னும் ஒரு வேற்று நிற வரிசை. இயந்திரத்திலிருந்து எடுத்த துண்டு எடையால் நீண்டிருக்கும், அதை ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஆடையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, காய்ந்த பிறகு அளவெடுங்கள். 40 கண்ணி 16 செ.மீ. இருந்தால் ஒரு செ.மீட்டருக்கு 2.5 கண்ணி, 50 செ.மீ. அகலத்துக்கு 125 ஊசி. 60 வரிசை 15 செ.மீ. இருந்தால் செ.மீட்டருக்கு 4 வரிசை, 60 செ.மீ. நீளத்துக்கு 240 வரிசை. உத்தி மாறினால் கணக்கும் மாறும்; டக் பகுதிக்கும் ஃபேர் ஐல் பகுதிக்கும் தனித்தனித் துண்டு வேண்டும்.

எந்தப் பட்டியலிலும் அடங்காத பிழை

கார்டை எடுத்துவிடுங்கள், பட்டன்களை எல்லாம் விடுவித்துவிடுங்கள். வழுவழுப்பான, இரட்டை இழைக் கம்பளி நூல் ஒன்றை, வழக்கமாகப் பின்னும் நூலாக, எடுத்துக்கொள்ளுங்கள். டயலை நடுவில் வைத்து 40 ஊசியில் 20 வரிசை சாதாரணமாகப் பின்னுங்கள். ஒழுங்காக வந்தால் சிக்கல் உங்கள் நூலிலோ கார்டிலோ இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். அப்போதும் வரவில்லை என்றால், ஊசித்தளத்தின் வேறொரு பகுதியில் அதே 40 ஊசியை முயலுங்கள். அங்கே வந்தால் முதல் பகுதியின் ஊசிகளையும் ஸ்பாஞ்ச் பாரையும் பாருங்கள். எங்கேயும் வரவில்லை என்றால் கேரேஜைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். பழைய எண்ணெய் பசையாக இறுகி, லீவரைத் திருப்பினாலும் உள்ளே இருக்கும் பாகங்கள் அசையாமல் நிற்கலாம். உலர்ந்த பிரஷால் பஞ்சை எடுத்து, பசையைத் துடைத்து, இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டு, ஒவ்வொரு லீவரையும் பட்டனையும் பல முறை அசைத்துவிடுங்கள். எல்லாம் தடையில்லாமல் துள்ளித் திரும்பும் வரை துணி மாட்டாதீர்கள்.